கெட்டி ஷாக்கு

இல்ல மணவாளண்ணா, புதுசா ஒண்ணும் வேணாம். ரெண்டு வருஷத்துக்கு முன்ன எங்க கார்ல நீங்க மாட்டனீங்களே, அந்தக் கெட்டி புஷ்ஷு, கெட்டி ஷாக்கு, அதெல்லாம் கழட்டிடுங்க. கம்பெனிலேருந்து வந்தப்ப இன்னா இருந்துச்சோ அதே மாதிரி ரப்பர் புஷ்ஷு, மெத்துன்னு இருக்கற ஷாக்கு போட்டுடுங்க.

தெரியும்ணா, நல்ல சாமான்தான். உங்க வேலைய கொறை சொல்லல. வளைவுல வண்டி சாயாது, லில்லி, ஸ்டியரிங்க தொட்டாலே திரும்பும், இதான் ஸ்போர்ட்ஸ் காருன்னு எங்க வூட்டுக்காரரு ஆயிரம் வாட்டி சொல்லிகீறாரு.

எனக்கா? அந்தக் குலுக்கல் எனக்குப் பழகிப்போச்சு. சின்னவள ஆபரேஷன் பண்ணி பெத்துட்டு வந்தன்ல, அன்னிக்குத்தான் முடியல. கரிக்கலாம்பாக்கத்துகிட்ட வரிசையா ஸ்பீடு பிரேக்கரு. ஒவ்வொண்ணும் தையல்லயே வந்து இடிச்சுது. அவரு என் மூஞ்சியப் பாத்துட்டு, மிச்ச தூரம் பூரா ஆளு நடக்கற ஸ்பீடுல ஓட்டிகினு வந்தாரு. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்தான், இவரு அசையல. நாளைக்கே கழட்டிடறேன்னாரு. நான்தான் வேணாம்னேன். ஆசையா போட்டதாச்சே.

ஆமா, குருவிநத்தத்துலேருந்து நானேதான் ஓட்டிகினு வந்தேன். லைசென்ஸு இருக்குது. ஜெயசீலனா? எங்க வூட்டுக்காரரு வரலண்ணா.

அப்புறம் ஒண்ணு. சக்கரத்தப் புடிச்சிகினு இருக்கற ஆர்ம் போல்ட்ட வண்டி ஜாக்கில இருக்கும்போது முடுக்கிடக் கூடாதாம். தரையில எறக்கி, வெயிட்டு உக்காந்த அப்புறம்தான் முடுக்கணுமாம். இல்லன்னா ரப்பரு முறுக்கிகினு கிழிஞ்சிடுமாம். உங்களுக்குத் தெரியாததா. அவரு சொல்லச் சொன்னாரு, சொல்றேன்.

வியாழக்கிழமை காலையில வண்டி வோணும்ணா. அன்னிக்கு அவருக்கு டிஸ்சார்ஜு.

உங்களுக்குத் தெரியாதா? வேலை செய்யற எடத்துல ஷெட்டு மேல ஏறனாரு, ஷீட்டு ஒடஞ்சு வுழுந்துட்டாரு. நாப்பது நாளு ஆச்சு. முதுகெலும்பு. உக்கார வெச்சு கூட்டிகினு போலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆம்புலன்ஸ் வேணாம், என் வண்டிய எடுத்தாங்கன்னாரு இவரு.

எங்க கொழுந்தனாரு கேட்டாரு, அதான் இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாதே அண்ணி, எந்த ஷாக்கா இருந்தா இன்னான்னு. தெரியாதுதான். டாக்டரும் அதேதான் சொல்றாரு.

நீங்க ரப்பரே போடுங்கண்ணா.