தப்பான தெலுங்கு

1. ஓசூரில் பேருந்து கிளம்பியது.
2. ஆசிரியர் மாநாட்டுப் பைகளோடு இரண்டு டீச்சர்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.
3. மூத்தவர் சொன்னார்: "நாளைக்கு கிளாஸ்ல வேணும்னே தப்புத்தப்பா தெலுங்கு பேசப் போறேன்."

"புள்ளைங்க சிரிக்குங்கக்கா."

"சிரிக்கட்டும். அந்தத் தெலுங்குப் புள்ள லட்சுமி என் கிளாஸ்ல சேர்ந்து ரெண்டு மாசமாச்சு, வாயே தொறக்கல. தமிழ் தப்பா வந்துருமோன்னு பயம். நான் தப்பு பண்ணினா திருத்தவாச்சும் பேசும்ல?"

"மாநாட்டுல இதையா சொன்னாங்க?"

"புள்ளைங்கள பேச விடுங்கன்னாங்க. எப்படின்னு சொல்லல. நீதான் தெலுங்குக்காரியாச்சே, ஒரு வரி சொல்லிக் குடு."

"சாப்பிட்டியான்னு கேளுங்க. அன்னம் தின்னாவா?"

மூத்தவர் சொல்லிப் பார்த்தார்.

"அக்கா, நீங்க வேணும்னே தப்பு பண்ணவே தேவையில்ல!"

இருவரும் சிரித்தபடி சூளகிரியில் இறங்கினார்கள். லட்சுமி இன்னும் பேசவில்லை. நாளை காலை வகுப்பு இருக்கிறது.