ஒருத்திக்குரிய விகுதி

அன்று மத்தியானம் தர்ஷிகா ரொட்டியைச் சற்றுக் கருக விட்டுவிட்டாள். கருகியதைத் தனக்கு வைத்துக்கொண்டு நல்லதை என் தட்டில் போட்டாள். என் தங்கையிடம் எனக்குப் பிடிக்காதது இந்தக் குணம்தான். எதையும் விட்டுக்கொடுப்பாள், கடைசியில் எல்லாம் அவளிடமே திரும்பி வரும்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அப்பா வடிவேல் இறந்து ஆறு வருடம். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. செதிற்புழு என்று கடலில் ஒரு புழு. முதுகில் சோடி சோடியாகச் செதில்கள். போத்தலின் படமும் லேபிளின் படமும் வரும். பிடித்த இடம், ஆழம், ஆண்டு, செதில் எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். கடலை நாங்கள் பார்த்ததில்லை. அந்த வேலையைத் தேடிப் பிடித்தவள் நான். அவளுக்குத் தட்டச்சு சொல்லிக் கொடுத்தவளும் நான்.

ஒரு லேபிளில் பன்னிரண்டு சோடி என்று இருந்தது. நானும் பன்னிரண்டு என்றே ஏற்றினேன். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். செதில் உதிர்ந்தாலும் அது ஒட்டியிருந்த இடத்தில் சிறு மேடு தங்கிவிடும். அவள் மேடுகளை எண்ணினாள். பதினைந்து. நூறு வருடமாக வேறொரு புழுவின் பெயரில் கிடந்த அது, இதுவரை யாரும் பெயரிடாத இனம் என்று அருங்காட்சியகம் எழுதியது. அந்தப் படம் முதலில் வந்தது என்னிடம்.

கடிதம் "அன்புள்ள வடிவேல்" என்று தொடங்கியது. அப்பாவின் பெயரை எங்கள் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரே மடிக்கணினி, ஒரே மின்னஞ்சல். அங்கே நாங்கள் ஒரே ஆள். புழுவுக்கு வடிவேல் என்ற பெயரை வைக்கப் போகிறார்களாம். கண்டுபிடித்தவர் ஆண் என்றால் அந்த லத்தீன் பெயரின் விகுதி ஒரு விதம், ஒரு பெண் என்றால் ஒரு விதம், பல பெண்கள் என்றால் வேறு விதமாம். வெள்ளிக்கிழமைக்குள் விவரம் கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருன்னு எழுதிரு அக்கா," என்றாள் தர்ஷிகா. "ஒன்னய விட்டுட்டா ஒரு மாசத்துக்குக் கொழம்புல உப்பு போட மாட்ட."

நியாயமான பேச்சுதான். ஆனால் இருவர் என்றால், எண்ணியது யார் என்று கேட்பார்கள். ஒருத்தி என்றால் கேட்கமாட்டார்கள். வியாழக்கிழமை, ஒருத்தி என்று எழுதிக் கீழே மனோரஞ்சிதம் என்று என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அவளிடம் இன்னும் எழுதவில்லை என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, ரொட்டி கருகிய அன்று, மழை தொடங்கி மூன்றாம் நாள். லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததால் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். மடிக்கணினி என் பையில், துணிகளுக்கு அடியில் இருந்தது. பள்ளிக்கூட வாசலில் அவள், இன்றுதானே கடைசி நாள், எடு, பதில் போட்டுவிடுவோம் என்றாள். திறந்தால் நான் அனுப்பியதைப் பார்ப்பாள். லயத்திலேயே விட்டுவிட்டேன் என்றேன்.

"இரு, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துர்றேன்."

நான் போகச் சொல்லவில்லை. இதை அதிகாரிகளிடம் மூன்று தடவை சொன்னேன், அது உண்மை. பின்சுவர் வெடிப்புக்குள் அன்று காலை என் கை முழுதாக நுழைந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும். தேயிலைக்கு நடுவே அவள் குடை தெரிந்த மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஒருத்தி என்று எழுதியாகிவிட்டதே என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

மலை இறங்கிய சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. இரண்டாம் நாள் அவளை எடுத்தார்கள்.

போன வாரம் அருங்காட்சியகம் அச்சுக்குப் போகும் பக்கத்தை அனுப்பி, திருத்தம் உண்டா என்று கேட்டிருந்தது. நிதானமாகப் படித்தேன். செதில் பதினைந்து சோடி. விகுதி ஒரு பெண்ணுக்குரியது. இப்போது அதில் பிழை எதுவும் இல்லை. சரியாக இருப்பதை மாற்றும் பழக்கமும் எனக்கு இல்லை. திருத்தம் இல்லை என்று பதில் எழுதினேன்.