கப்பல் பாதையோரம் தங்கச்சி வீடு

"ஹலோ... ஹலோ, அண்ணன்தான் பேசறேன்... ஆமா, வேலையிலிருந்துதான்... நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், அதெல்லாம் அப்புறம். உன் ஆளு எங்க?... படகுலயா? அது எனக்குத் தெரியாதா? படகு எங்க நிக்குதுன்னு கேளு!"

துறைமுகத்துக்குள் எந்தக் கப்பல் வரலாம், எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொல்வதுதான் அண்ணனின் பிழைப்பு. நாலாவது மாடி, சுற்றிலும் கண்ணாடி, முன்னால் ரேடார் திரை. இத்தனை இருந்தும், கால்வாய் வளைகிற இடத்தை மட்டும் ஒரு பெரிய கிடங்கு மறைத்துக்கொண்டிருந்தது. அங்கே நடப்பதெல்லாம் அவருக்குத் திரையில் புள்ளிதான். அந்த வளைவுக்கு நேர் எதிரே தங்கச்சி வீடு. தங்கச்சி புருஷன் பயணிகள் படகின் கேப்டன். போகும்போதும் வரும்போதும் வீட்டைப் பார்த்து ஹார்ன் அடிக்காமல் போகமாட்டார். இன்றைக்கு அந்தப் புள்ளி வளைவிலேயே நின்றுவிட்டது. ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தியும் பதில் இல்லை.

"நடுக் கால்வாயில படகை நிறுத்திட்டு ஹார்ன் அடிச்சுக்கிட்டிருக்காரு. இங்க வரைக்கும் கேக்குது... கேக்கலையா?... வாஷிங் மெஷினா? அதை முதல்ல நிறுத்து!... இப்ப கேக்குதா? ம்ம். காலைல சண்டையா?... பொய் சொல்லாத... சண்டை போடாம எவனாவது நூத்தம்பது பேரை ஏத்திக்கிட்டு பொண்டாட்டி வீட்டு முன்னால வந்து நிப்பானா?... சரி, சரி, நம்பறேன். நீ பால்கனிக்குப் போய் ஒரு தடவை கை காட்டு. மூஞ்சியைப் பாத்துட்டா நகந்துடுவாரு... ஏன்னா பின்னால சரக்குக் கப்பல் வருது! ஒரு தெரு நீளத்துக்கு இருக்கு!... இல்லம்மா, பஸ் மாதிரியெல்லாம் பிரேக் போட முடியாது... யார் வரச் சொன்னதுன்னா? நான்தான். அந்தக் கப்பலை உள்ள கூட்டிட்டு வர்ற துறைமுகப் பைலட்கிட்ட, 'அது பொண்டாட்டிக்கு ஹார்ன் அடிக்கிற கேஸு, தானா நகந்துடும், நீங்க வாங்க'ன்னு சொன்னேன்."

சொல்லும்போது அண்ணனுக்குச் சிரிப்புகூட வந்தது.

"பால்கனிக்கு வந்துட்டியா?... இப்ப எதுக்குத் தலை வாரணும்? அவர் பாக்காத தலையா? போ!... காட்டிட்டியா?... நகரலையா? இன்னும் நல்லாக் காட்டு. சிரிச்சுக்கிட்டே காட்டு!... ரெண்டு கையையும் தூக்கி ஆட்டறாரா? பாத்தியா, நான் சொல்லல? ரொம்ப முத்திப்போச்சு... என்ன? காதுல போனை வச்சிருக்காரா? யாருக்கு அடிக்கிறாரு?... உனக்கு அடிச்சா கிடைக்காதே, நீதான் என்கிட்ட பேசிக்கிட்டிருக்கியே. இங்க ஆபீஸ் லைனும்... உன்கிட்டதான்..."

அண்ணனின் கண் மேஜைமேல் கிடந்த தன் செல்போனுக்குப் போனது. தங்கச்சி கல்யாணத்துக்குத் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கடுப்பில், கேப்டன் நம்பரை அவர் என்றைக்கோ பிளாக் பண்ணிவிட்டார்.

"இரு. படகு உச்சியில ஒரு கம்பம் இருக்கும் பாரு... அதுல ஏதாவது தொங்குதா?... பந்து மாதிரியா? என்ன கலரு?... கறுப்பா?... ரெண்டா? ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா?... ஐயய்யோ!"

இரண்டு கறுப்பு உருண்டைகளைக் கம்பத்தில் ஏற்றினால், படகு என் கையில் இல்லை, என்னால் விலக முடியாது, நீங்கள் விலகுங்கள் என்று அர்த்தம். இஞ்சின் செத்துப்போய்விட்டது. கூடவே கரண்டும் ரேடியோவும் போய்விட்டன; சேமித்த காற்றில் ஊதுகிற ஹார்ன் மட்டும்தான் மிச்சம். கொஞ்சலாவது மண்ணாங்கட்டியாவது! மனுஷன் காப்பாற்றச் சொல்லி ஊதிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வச்சுடாத! லைன்லயே இரு, எனக்கு உன் கண்ணு வேணும். இரு, ரேடியோல சொல்லிடறேன்... பைலட் சார்! நிறுத்துங்க, நிறுத்துங்க! முன்னால பயணிகள் படகு, இஞ்சின் போயிடுச்சு!... ஆமா சார், நான்தான் வரச் சொன்னேன், முழுக்க என் தப்பு, அப்புறமா திட்டுங்க! ரிவர்ஸ் போடுங்க, நங்கூரத்தை விடுங்க!... இழுவைப் படகு! வளைவுக்குப் போ, ஓடு, ஓடு!... ஏய், நீ இருக்கியா?... கப்பல் மூக்கு தெரியுதா?... இன்னும் வருதா?... சனங்க என்ன பண்றாங்க?... எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டிட்டாரா? நல்லவேளை, நல்லவேளை... அவரு மாட்டலையா?... அழாதடா, அழாத. ரெண்டுக்கும் நடுவுல தண்ணி தெரியுதா, அதைச் சொல்லு... தெரியுதுல்ல?... ஏன் பேச மாட்டேங்கிற? என்னையாவது திட்டேன்!"

திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கப்பல்களைப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம், ஆனாலும் பார்க்க தைரியம் இல்லை.

"...நின்னுடுச்சா?... நிஜமாவா? நல்லாப் பாத்துச் சொல்லு... இழுவைப் படகு கயிறு போட்டாச்சா?... இழுக்குதா?... அப்பாடா... இல்ல, அழல, சளி... ஆமா... ஆமா... திட்டு, எல்லாம் என் கொழுப்புதான்... கேக்கறேன், நானே அவர்கிட்ட மன்னிப்பு கேக்கறேன், போதுமா?... கால்லயெல்லாம் விழ முடியாது, வேலை நேரம்... போனை வைக்கணுமா? ஏன்?... ஓ. நான் வச்சாத்தான் அவருக்கு லைன் கிடைக்குமா... சரி. வைக்கிறேன்."

ரிசீவரைக் கீழே வைத்தாரோ இல்லையோ, மணி அடித்துவிட்டது. ஆள் நேரிலேயே வந்து நிற்கிற மாதிரி அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ... மாப்பிள்ளை, நான்தான்... சொல்லுங்க மாப்பிள்ளை... ஆமா... ஆமா, இவ்வளவு நேரம் இங்கதான் பிஸி... வீட்லயும் பிஸியா இருந்துச்சா?... வேற யாரும் இல்ல, நானும் தங்கச்சியும்தான்... உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்... இல்ல, இல்ல, நல்லதாத்தான்!"