மாற்றுச் சட்டை

பருத்தியை நான் என்றைக்குமே குறை சொன்னதில்லை. வெயில் காலத்துக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. உங்கள் சட்டையும் பருத்திதான் என்று நினைக்கிறேன் ஐயா, தோளில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. கோட்டைக் கழற்றி ஹீட்டர் பக்கம் போடுங்கள். விசாரணைக்கு வந்தவர் ஜலதோஷத்தோடு திரும்பிப் போனால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

இன்றைக்குக் கடை திறக்கவில்லை. நிதானமாகவே பேசலாம். என் தங்கை உங்களுக்கு போன் செய்து சொன்னது அந்த மேசைமேல் கிடக்கும் கம்பளிச் சட்டையைப் பற்றித்தானே? சொல்கிறேன். ஆனால் உடுப்பைப் பற்றிக் கொஞ்சமாவது தெரியாமல் அந்தச் சட்டையைப் புரிந்துகொள்ள முடியாது. மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உடுப்பு விற்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில். இதில் நான் தப்பாக எடுத்துக் கொடுத்தேன் என்று இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் மழைக்குத்தான் பயப்படுகிறார்கள். அது பாதிக் கதை. மலையில் ஆளை நனைப்பது அவரவர் வேர்வையும்தான். ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு கொதிக்கும். உச்சியில் போய் நின்றதும் காற்று அந்த ஈரத்தின்மேல் கை வைக்கும். அதனால்தான் தோலை ஒட்டி மெல்லிய கம்பளி போடச் சொல்வது. அது நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதன்மேல் லேசாக ஒன்று. வெளியே மழை ஜாக்கெட். ஏறும்போது திறந்துவிட அதில் அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்க வேண்டும். பைக்குள் நனையாத மாற்றுச் சட்டை, காய்ந்த கையுறை. கிளம்பும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பருத்தி மட்டும் கூடவே கூடாது. குடித்த தண்ணீரை அது லேசில் விடாது.

இதையெல்லாம் நான் வாய் வலிக்கச் சொல்வேன். பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டு, நிறம் எடுப்பாக இருக்கிறது என்று வேறு எதையாவது வாங்கிக்கொண்டு போவார்கள். மலைக்குப் போகிறார்களா, போட்டோ பிடித்துக்கொள்ளப் போகிறார்களா என்று எனக்கே சந்தேகம் வரும். பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பவள் என் தங்கை. அவள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றால் யாரும் வெறுங்கையோடு போனதில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தலை வாரிவிட்டது நான், காய்ச்சலுக்குக் கண் விழித்தது நான். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான பிறகும் பாப்பாதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை, காலையில் அவள் போட வேண்டியதை நான்தான் நாற்காலியில் எடுத்து வைப்பேன். எனக்கு அது ஒரு நாளும் சுமையாகத் தெரிந்ததில்லை.

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். தங்கமான மனிதர். போனவரைப் பற்றி மரியாதைக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள், உண்மையிலேயே தங்கம். கல்யாணமானதும் இந்தக் கடைக்கு மேலேயே மூன்று பேரும் குடியிருந்தோம். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. சைக்கிளில் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது என்பதே தெரியாமல் வந்தவரை நான்தான் பழக்கினேன். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கடலோர ஊர் ஒன்றில் பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்.

"அங்க வருஷம் முழுக்க வெயிலாம் மச்சான். ஸ்வெட்டரையெல்லாம் மூட்ட கட்டிப் பரண்ல போட்டுடலாம்."

பாப்பா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எத்தனையோ காலமாகியிருந்தது.

"அப்ப கடை?" என்று கேட்டேன்.

"நீ பாத்துக்குவண்ணா. உனக்குத் தெரியாததா?"

கடையைத்தான் நான் பார்த்துக்கொள்வேன். என்னை யார் பார்த்துக்கொள்வது என்று இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு வலித்தது ஐயா, அதை ஏன் மறைக்க வேண்டும். மறுநாளே இருவரும் போய் அந்த ஊருக்கென்று மெல்லிசாகப் பருத்திச் சட்டைகள் வாங்கி வந்தார்கள். என்னிடம் காட்டி, துணி எப்படி என்று கேட்டார்கள். நல்ல துணி என்றுதான் சொன்னேன்.

மலைக்கு வருகிறேன் என்று கேட்டது மாப்பிள்ளைதான். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உங்ககூட உச்சி வரைக்கும் வரணும் மச்சான். இல்லன்னா மனசே ஆறாது" என்றார். நாளைக் குறித்தது நான். மழை பெய்யும் என்று தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும்.

விடிந்ததும் இதோ, இந்த இடத்தில் நிறுத்தித்தான் அவருக்கு உடுத்திவிட்டேன். உள்ளே தடித்த பருத்தி பனியன். அதன்மேல் இன்னொரு பருத்திச் சட்டை. அதன்மேல் திக்கான ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே மழை ஜாக்கெட். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு வேணுமா மச்சான்?"

"மேல குளிர் எலும்புல இறங்கும் மாப்ள."

"நீங்க எடுத்துக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டுப் போட்டுக்குவேன்" என்றார். கழுத்து வரைக்கும் ஜிப்பை நானே இழுத்துவிட்டேன்.

பாப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் பாலிதீன் பையில் சுற்றிய கம்பளிச் சட்டை, கையுறை. அவற்றை மாப்பிள்ளையின் முதுகுப் பைக்குள் அவளே திணித்தாள். "மேல போனதும் மொதல்ல இத மாத்திக்கணும், சரியா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உள்ள என்னண்ணா போட்டுவிட்டிருக்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன் பாப்பா."

அதைப் பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்கு அது சரியாகத்தான் இருந்தது.

மலையடிவாரத்தில் வேனை நிறுத்தி சைக்கிள்களை இறக்கியபோது, "சும எதுக்கு மாப்ள, குடுங்க" என்று அந்தப் பொட்டலத்தை என் முதுகுப் பைக்குள் மாற்றிக்கொண்டேன். அவர் நன்றி சொன்னார். பாதி ஏற்றத்திலேயே அவர் முகம் சிவந்துவிட்டது. "உள்ள ஆறா ஓடுது மச்சான். கொஞ்சம் திறந்துவிடட்டா?" என்று கேட்டார். திறந்தால் மழை உள்ளே போய்விடும் என்றேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை ஐயா, திறந்தால் மழை உள்ளே போகத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் வேகமாக மிதிக்கச் சொன்னேன். வாத்தியார் இல்லையா, சொன்னதைச் சொன்னபடி செய்கிற மாணவராக இருந்தார்.

ஒரு நிமிஷம். இந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா? பல்லோடு பல் அடித்துக்கொள்வது போல. கேட்கவில்லையா. சரி, ஹீட்டராக இருக்கும். அதை அணைத்தாலும் எனக்குக் கேட்கிறது, அதுதான் சங்கடம். கம்பளிமேல் கம்பளி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், குளிர் விட்டபாடில்லை. கடை திறக்காததற்கும் அதுதான் காரணம். ஜாக்கெட் போட்டுப் பார்க்க யாராவது கையைத் தூக்கினால், எனக்கு அவர் முகம்தான் தெரிகிறது. பயமாக இருக்கிறது ஐயா.

உச்சியில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. அங்கேதான் என் டயரிலிருந்து காற்றை இறக்கினேன். பஞ்சர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, முள்ளைத் தேட ஆரம்பித்தேன். இல்லாத முள்ளைத் தேடுவதற்கு நேரம் பிடிக்கும். மாப்பிள்ளை காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, எனக்கு மழை படாமல் மறைத்துக்கொண்டிருந்தார். முதலில் தோள் நடுங்கியது. பிறகு தாடை.

"அவ ஒரு சட்ட வெச்சாளே மச்சான். அத எடுங்களேன்."

"கீழ வண்டியிலயே வெச்சிட்டு வந்துட்டேன் போல மாப்ள."

"பரவால்ல, விடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்குக் குளுரலயே?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு உண்மையிலேயே குளிரவில்லை. நான் முறையாக உடுத்தியிருந்தேன்.

பிறகு அவருடைய நடுக்கம் நின்றது. இதைத் தெரியாதவர்கள் நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொள்வார்கள். ஈரம் காயாமல், காற்று அடங்காமல் நடுக்கம் மட்டும் நின்றால், உடம்பு கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்ல நான் மறந்ததே இல்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப தேவல மச்சான். குளிரே தெரியல."

"அப்ப நல்லதுதான் மாப்ள" என்றேன்.

டயரில் காற்றடித்துவிட்டு, நான் முன்னால் போகிறேன், நீங்கள் மெதுவாக வாருங்கள் என்றேன். அவரால் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. அதைப் பார்த்து அவருக்கே வேடிக்கையாக இருந்தது. "பாருங்க மச்சான், என் பேச்சையே கேக்க மாட்டேங்குது" என்றார். நான் இறங்கிப் போய்விட்டேன். அவர் கூப்பிட்டாரா என்று கேட்காதீர்கள். காற்று பலமாக இருந்தது.

வேனில் போய் உடை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். போதுமான நேரம் ஆன பிறகுதான் மீட்புக் குழுவுக்குச் சொன்னேன். போதுமான நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும். முதல் வளைவிலேயே, ஒரு பாறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாராம். ஜாக்கெட், ஸ்வெட்டர், இரண்டு பருத்தி, எல்லாவற்றையும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாராம். உறைந்து போகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு எரிவதாகத் தோன்றும், அதனால் கழற்றிவிடுவார்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும், பாவம், அனுபவமில்லாத ஆள், மழையில் சட்டையைக் கழற்றிவிட்டாரே என்றார்கள். எனக்கு மட்டும் வேறு மாதிரித் தோன்றியது. நான் போட்டுவிட்டது எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டது போல இருந்தது. என்ன கோபம் என்று கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

இனி இந்தச் சட்டை. வீடு திரும்பி, எல்லாரும் வந்து போய் ஓய்ந்த பிறகு என் பையைப் பிரித்தேன். கீழே வரும் வழியில் பொட்டலத்துக்குள்ளும் மழை புகுந்திருந்தது. தூக்கி எறிந்திருக்கலாம், எரித்திருக்கலாம். நல்ல கம்பளி ஐயா, மனசு வரவில்லை. பழக்க தோஷம், குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலசினேன். கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் நீண்டு உருவம் கெட்டுவிடும். படுக்க வைத்துத்தான் காய வைக்க வேண்டும். கடையில் இருக்கும் அந்த மேசைமேல் துண்டை விரித்து, சட்டையைக் கிடத்தி, கையிரண்டையும் நீட்டி, சுருக்கமில்லாமல் நீவிவிட்டேன். காலையில் பாப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அது மேசைமேல் அப்படியே மல்லாந்து படுத்திருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டையின் ஒரு கையை மட்டும் தொட்டாள்.

"இது அவரு பையில நான் வெச்சதுண்ணா. உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். கீழே விழுந்தது, எடுத்துவந்தேன் என்றிருந்தால்கூட நம்பியிருப்பாள். அவளிடம் நான் பொய் பேசிப் பழகவில்லை.

"மேல அவரு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டார் பாப்பா."

அவள் அழவில்லை, கத்தவில்லை. அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் டீ போட்டு வைத்தேன், அது ஆறிப் போயிற்று. இன்னொன்று போட்டு வைத்தேன். பிறகுதான் உங்களுக்கு போன் செய்தாள். நான் தடுக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். குளிரும் மழையும் செய்ததாக ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடலாம். உடுத்திவிட்டது நான், சட்டையை எடுத்துக்கொண்டது நான், நடுக்கம் நின்றது தெரிந்தும் விட்டுவிட்டு வந்தது நான். அவர் நின்று விறைத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய காய்ந்த சட்டை என் முதுகில், பைக்குள் இருந்தது. கை நீட்டினால் எடுத்திருக்கலாம். அவர்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. பாப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே கிடையாது.

போனை வைத்துவிட்டு அவள் மேலே போய் பெட்டியோடு இறங்கி வந்தாள். கடலோர ஊருக்குப் போகிறாளாம். போன மாதம் நான் எடுத்துக் கொடுத்த ஸ்வெட்டரைக் கழற்றி இந்தக் கல்லாமேல் வைத்தாள். மாப்பிள்ளைக்கென்று அங்கே போட வாங்கிய மெல்லிசுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். பருத்தி, ஐயா, இந்த மழையில். நான் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிற்கிற இடம் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பரவாயில்லை. கோபம், தணிந்துவிடும். வந்துவிடுவாள். அவளுக்கு இனி என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.