மாப்பிள்ளையை மலையில் விட்டு வந்த விதம்

உட்கார நாற்காலி போட்டதற்கு நன்றி, நீதிபதி அம்மா. என் மாதிரி ஆட்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்பதுதான் வழக்கம். கால் வலித்தால் வாய் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை. உங்களுக்கு அந்தச் சிரமமே வேண்டாம். கேட்டதையும் சொல்கிறேன், கேட்காததையும் சொல்கிறேன்.

ஊரில் என்னை விலாங்கு என்பார்கள். பூட்டுத் திறப்பது தொழில். சாவியைத் தொலைத்தவர்கள் கூப்பிட்டால் போவேன், தொலைக்காதவர்கள் வீட்டுக்கு நானாகவே போவேன். உங்கள் வீட்டுப் பின்கதவும் எனக்குப் பழக்கம்தான். வெள்ளிக் கரண்டி காணாமல் போனதற்குச் சமையல்காரியை நிறுத்தினீர்களே, அவள் எடுக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நெருப்பு அணைந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு காலையில் ஊரில் எந்த அடுப்பும் பற்றவில்லை. தீக்குச்சியை உரசினால் வாடை மட்டும் வந்தது. கொல்லன் பட்டறை ஈரம் பூத்துக் கிடந்தது. வயசானவர்கள் போர்வைக்குள்ளேயே விறைத்துப் போனார்கள். உலகத்து நெருப்பையெல்லாம் மலையுச்சியில் ஒரு ராட்சசி துருத்தி ஊதிக் காக்கிறாள், அவள் ஊதுவதை நிறுத்திவிட்டாள் என்று ஊர்ச்சபையில் பேசிக்கொண்டார்கள். வாளோடு போனவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள், அல்லது திரும்பவே இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். வாயாலேயே பிழைக்கிறவன் போகட்டும், வராவிட்டாலும் ஊருக்கு நஷ்டமில்லை என்று சபைத் தலைவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பணப்பெட்டிக்குப் பூட்டு மாற்றியபோது எனக்கும் ஒரு சாவி செய்துகொண்டதோடு சரி.

என் தங்கைதான் தன் புருஷனையும் கூட அனுப்பினாள். "அண்ணன் தனியா போனா நெருப்ப வாங்கி வழியிலேயே வித்துட்டு வந்துடும். நீங்களும் கூடப் போங்க" என்று என் முன்னாலேயே சொன்னாள். மாப்பிள்ளை ரொட்டி சுடுகிறவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, குழந்தை மனசு. அடுப்பு அணைந்ததிலிருந்து கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் முட்டிக்கொண்டு திரிந்தார். உடனே கிளம்பிவிட்டார்.

முதலில் ஆறு. போக வர ஆளுக்கு ஒரு நிழலைக் கூலியாகக் கேட்டான் ஓடக்காரன். நான் மாப்பிள்ளையின் தோளில் ஏறிக்கொண்டேன். தரையில் விழுந்தது ஒரே நிழல். ஒரு நிழல்தானே இருக்கிறது, ஒன்றுக்குத்தானே கூலி என்று வாதாடினேன். ஓடக்காரன் தலையைச் சொறிந்துவிட்டு, காலூன்றி நின்றவருடையதை உரித்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"போனா போவுது மச்சான். ரொட்டி சுடுறவனுக்கு நிழல் எதுக்கு?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

அடுத்தது மலை வாசல். அதில் ஒரு பேசும் பூட்டு. என்னைத் தொடுகிறவன் தூக்கத்தைத் தின்றுவிட்டுத்தான் திறப்பேன் என்றது. என் தொழிலில் இப்படி ஒரு பூட்டைப் பார்த்ததில்லை. கிட்டப்போய்க் குனிந்து பார்த்தேன். தடுமாறியது போலிருந்தது. மாப்பிள்ளை என்னைப் பிடிக்க வந்தவர் பூட்டின் மேல் கை ஊன்றிவிட்டார். வாசல் திறந்தது. அன்றிலிருந்து அவர் கண் மூடவில்லை. வேண்டுமென்றே தடுமாறினேனா என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அவரை நான் தள்ளவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராட்சசி ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பயங்கரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து வந்த எந்தப் பெண்ணையும் போல அலுத்துப்போயிருந்தாள், உருவம்தான் மலையளவு. பக்கத்தில் துருத்தி, அதன் முன்னால் சாம்பல் பூத்த கங்கு.

"கை ஓஞ்சு போச்சு. இனிமே இது ரெண்டே வழியிலதான் எரியும்" என்றாள். "இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லாத உண்மை ஒண்ண இதுமேல சொல்லுங்க. பத்திக்கிட்டா அப்புறம் ஊதவே வேணாம். இல்லேன்னா துருத்திக்கு ஓர் ஆள விட்டுட்டுப் போங்க. பிடிச்ச கை, அப்படி ஓர் உண்மை வந்து சேர்ற வரைக்கும் துருத்திய விட்டு வராது."

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். கங்கின் அருகில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். எடைக்குறைவாக ஒரு தடவை ரொட்டி விற்றது, இருட்டில் பயம், மாமியார் கைச்சமையல் பிடிக்காதது. கங்கு புகையக்கூட இல்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். மனதில் எதையும் பூட்டி வைக்கத் தெரியாத மனிதர்.

ராட்சசி என்னைப் பார்த்தாள். என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. வெள்ளிக் கரண்டி ஒன்றே போதும், ஊர் முழுக்க அடுப்பு எரிந்திருக்கும்.

"நானும் அவர மாதிரிதான். திறந்த புத்தகம்" என்றேன்.

பிறகு மாப்பிள்ளையிடம், நான் ஓரமாகப் போய் ஒரு வழி யோசிக்கிறேன், அதுவரை கொஞ்சம் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பிடித்துக்கொண்டார். தூக்கமில்லாத ஆள், மாவு பிசைந்து முறுக்கேறிய கை. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆளை நீங்களே தேடினாலும் கிடைக்காது. ஒரே ஊதலில் கங்கு சிவந்தது. ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

"சீக்கிரம் வந்துடுங்க மச்சான்" என்று பின்னாலிருந்து சொன்னார். சரி மாப்பிள்ளை என்றேன்.

ஊரில் எனக்கு மாலை போட்டார்கள். சபையில் ஓர் இருக்கையும் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஆற்றங்கரையிலேயே பயந்து ஓடிவிட்டார் என்று சொன்னேன். செத்துவிட்டார் என்றால் தங்கை அழுவாள், எனக்கு அவள் அழுதால் தாங்காது. ஓடிப்போனவரை நினைத்தால் கோபம் வரும், கோபம் உடம்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. அவள் தானே அடுப்பு மூட்டி, மாவு பிசைந்து, கடையை நடத்தினாள். அந்த நெருப்பை ஊதிக்கொண்டிருந்தது யார் என்று எனக்குத் தெரியும். அவள் சுட்ட ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

ஓடக்காரன் கயிறு வாங்கச் சந்தைக்கு வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒல்லி ஆள், அவன் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு நிழல். அது சும்மா நிற்காமல் மாவு பிசைந்துகொண்டிருந்ததாம். என் தங்கை ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள். மலையில் ராட்சசி போடும் நிபந்தனை வரை அவனுக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அதனால்தான் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

அவள் எனக்குத் தண்டனை கேட்கவில்லை. நேற்று வந்து கம்பிக்கு வெளியே நின்று ஒன்றுதான் சொன்னாள்: "எங்கிட்ட எதுவும் சொல்ல வேணாம் அண்ணே. அங்க போயி, அவர் கை விட்டு வர்ற மாதிரி ஓர் உண்மையச் சொல்லுங்க." நீங்களும் என்னைக் காவலோடு மலைக்கு அனுப்புவதென்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

அதில்தான் ஒரு சிக்கல் அம்மா. யாரிடமும் சொல்லாத உண்மையைத்தான் ராட்சசி கேட்டாள். காலையிலிருந்து இந்தக் கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு என்னிடம் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். மிச்சம் ஒன்றுதான், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் எனக்குப் பயம் இல்லை, மாப்பிள்ளை மேல் வெறுப்பும் இல்லை. பிறந்ததிலிருந்து எதற்கும் விலை கொடுத்துப் பழகாதவன். ஒரு ராட்சசி கேட்டாள் என்பதற்காகப் புதிதாக ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். இனி என்னை மலைக்கு அனுப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை.

பின்வரிசையில் எழுந்து நிற்கிறாளே, அவள்தான் என் தங்கை. ஏதோ சொல்ல வருகிறாள், சொல்லட்டும்.

"பரவால்ல அண்ணே. மொதல்ல ஒங்களக் கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நானே போறேன்."

நிழலும் தூக்கமும் போய்விடும், யோசித்துக்கொள் என்று ஒரு அண்ணனாக எச்சரித்துவிட்டேன். உங்கள் முன்னால்தான் சொன்னேன். தூங்கி வெகுகாலமாச்சு என்கிறாள். அந்த உண்மை எதைப் பற்றி என்றுதான் கேட்டேன்.

"ஒங்களப் பத்தித்தான்."

போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு போகக்கூடத் தோன்றவில்லை, பாருங்கள். வீணாக அலையப் போகிறாள். சின்ன வயதிலிருந்து என்னிடம் எதையுமே மறைக்காதவள் அவள். என்னை அவ்வளவு நம்புகிறவள், அம்மா.