அடுப்புச் சுவரில் பச்சோந்தி முட்டைகள்

மலாயாவின் அவசரகாலத்தில் நான் கேமரன் மலைத் தேயிலை ஆலையொன்றில் கிராணி, கணக்கெழுதுபவன். ஒரு மாலை, தேயிலை உலர்த்தும் அடுப்பின் சுவர் மேலிருந்த பால் டின்னைக் குளிரில் வெளியே வைத்துவிட்டேன். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒளித்த உணவென்று போலீஸ் சொல்லுமோ என்ற பயம். திறந்துகூடப் பார்க்காதது என் தவறு.

மறுநாள் காலை ஆலை வாசலில், உணவு தேடும் போலீஸ் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் அடுப்புக்கார முனியாண்டியும் மனைவி செல்லம்மாவும்.

“பிள்ளைங்களுக்கு இந்நேரம் வால் முளைச்சிருக்கும்லா.”

“பச்சோந்தி முட்டைக்கு அப்பன்னு சொல்லிக்காதீங்க. லயத்து வீடெல்லாம் சிரிக்குது.”

“கூண்டுல ஜோடி சேர்த்தது யாரு? இந்தக் குளிருக்கு அடுப்புச் சூடு இருந்தாதான் பொரிக்கும். டின்னு மண்ணுல வச்சதோட சரி, தொடவே இல்ல. புரட்டினா குஞ்சு செத்துரும்.”

கிராணி என்பதால் போலீஸ் என்னை முதலில் விட்டதும் ஓடினேன். டின்னைச் சாயாமல் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

சில வாரங்களுக்குப் பின், அதே வரிசை.

“பொரிச்சிருச்சு செல்லம்மா! ஒண்ணுதான் கெட்டுப்போச்சு.”

“பொண்ணு எத்தனை?”

“வளரட்டும்லா. அதுவரைக்கும் எல்லாத்துக்கும் உன் பேருதான்.”

அவள் அவன் முதுகில் வைத்த அடியில் போலீஸ்காரரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கெட்டுப்போன அந்த ஒன்று என்னால்தான் என்று அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை.