தலைவரின் முகமும் எங்கள் காரின் மூக்கும்

பின்னால் தொங்கும் தம் படத்துக்கும் முன்னால் இருக்கும் தமக்கும் வித்தியாசம் தெரியாதபடி அசையாமல் வீற்றிருக்கும் அவைத் தலைவர் அவர்களே, பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் காருக்கு ஆயில் மாற்றும் நாளை மறக்காத பெரியோர்களே, முன்னிருக்கையில் அமர்ந்து "ஏதோ கருகுற வாசனை வருது" என்று சொல்லி, அதற்காகத் திட்டு வாங்கி, அடுத்த வளைவிலேயே சொன்னது சரி என்று காட்டிய தாய்மார்களே, பின்னிருக்கையில் நசுங்கி வளர்ந்து இன்று நிமிர்ந்து அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவரையும் வணங்குகிறேன்.

பழைய கார் அன்பர்கள் சங்கத்தின் இந்த மலைப் பயணத்தில் நீங்கள் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். நாங்கள் மாலைத் தேநீருக்கு வந்து சேர்ந்தோம். ஏன் இந்தத் தாமதம்? ஏன் எங்கள் குடும்பமே குளத்தில் முங்கி எழுந்தது போல நனைந்து வந்தது? ஏன் எங்கள் காரின் முகப்பில் கம்பீரமாகப் புறப்பட்ட தலைவரின் திருமுகம், வந்து சேரும்போது டிக்கிக்குள் நாலாக மடிந்து கிடந்தது? இதற்கெல்லாம் விடை சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். தலைவர் சிரிக்கிறார். முடிவு வரைக்கும் அந்தச் சிரிப்பு இருக்கட்டும்.

எங்கள் கார் அப்பா வைத்துவிட்டுப் போன கார். வெண்ணெய் நிறம். சரி, ஒரு காலத்தில் வெண்ணெய், இப்போது நெய். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். உருவகமாகச் சொல்லவில்லை. கோபம் வந்தால் முதலில் அவர் மூக்கு நுனிதான் சிவக்கும். பிறகுதான் சத்தம் வரும். காருக்கும் அதே குணம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சூடு காட்டும் முள் ஒன்று உண்டல்லவா? அது சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தால் இன்ஜின் கொதிக்கப்போகிறது என்று பொருள். அந்த முள்ளுக்கு அம்மா வைத்த பெயர் மூக்கு. "என்னங்க, மூக்கு ஏறுது" என்பார். எந்த மூக்கு என்று பின்னால் இருக்கும் எங்களுக்குத் தெரியாது. பல நேரம் இரண்டும்தான்.

நீண்ட தூரம் கிளம்பும் முன் அப்பா காரைச் சுற்றி வரும் அழகைப் பார்க்க வேண்டுமே! பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார், ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பார்ப்பார், ரேடியேட்டரில் ஒட்டிய பூச்சிகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துப் பார்ப்பார். எங்கள் பல்லை ஒருநாளாவது அப்படிப் பார்த்தாரா? பார்த்ததில்லை. இத்தனை பார்த்தும் ஏற்றத்தில் மூக்கு ஏறினால், அம்மா தம் பக்கம் இருக்கும் திருகு குமிழைத் திருப்புவார். அது ஹீட்டர். ஆம், கொளுத்தும் வெயிலில் ஹீட்டர்! இன்ஜினில் கொதிக்கும் தண்ணீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. திறந்துவிட்டால் இன்ஜினின் சூடு கொஞ்சம் நம் மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் வெந்துகொண்டே அழுவோம். அப்பா திரும்பாமலே சொல்வார்: "நாம வேர்த்தா அது வேர்க்காது."

இனி என் அண்ணன். எனக்கு மூத்தவர், ஆகவே காரில் பாதிக்கு உரியவர், அப்பாவின் மூக்கில் முழுவதற்கும் உரியவர். முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறாரே, அவர்தான். காரை வாங்க ஓர் ஓட்டல்காரரைப் பிடித்துவிட்டார். வரவேற்பறையில் நிறுத்தி, சுற்றிக் கயிறு கட்டி, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம். என்ன கேட்கிறீர்கள் அங்கே? எந்த ஓட்டல் என்றா? சொல்லமாட்டேன், இன்று இரவு நம் சாப்பாடு அங்கேதான்.

நான் கெஞ்சினேன், கொஞ்சினேன், பேச்சை நிறுத்திக்கூடப் பார்த்தேன்; அதை வீட்டில் எல்லோரும் நிம்மதியாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார். "இந்த மலையை அது சொந்தக் கால்ல ஏறட்டும், விக்கல. கயிறு கட்டி இழுக்கிற நிலைமை வந்தா, நேரா அந்த ஓட்டல் வாசலுக்கே இழுத்துடலாம்." அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்புறம் நான் எங்கடா உட்காருவேன்?" அண்ணன் விளையாட்டாக, ஓட்டலில் போய் உட்காரலாம், காபி தருவார்கள் என்றார். அம்மா இன்று காலை எங்களுக்கெல்லாம் முன்னால் போய், முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது தலைவரிடம் வருகிறேன். பயணத்துக்கென்று தம் முகம் அச்சிட்ட பேனரை ஆளுக்கொன்று தந்தார். பின்பக்கம் கட்டுங்கள் என்று தெளிவாகச் சொன்னார். நான் கேட்டேனா? பின்னால் கட்டினால் தலைவருக்கு மரியாதையா? முகம் இருக்க வேண்டிய இடம் முகப்பு அல்லவா? பக்தி முற்றி முன்னால் கட்டினேன். இழுத்துக் கட்டினேன். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கிரில்லை முழுக்க மறைத்துக் கட்டினேன். தலைவரின் முகம் சிறிய முகமா என்ன?

சமவெளியில் சமாளித்தது. ஏற்றம் தொடங்கியதும் அம்மா சொன்னார்: "மூக்கு ஏறுது." பின்னால் அண்ணன், கசங்காத வெள்ளைச் சட்டையும் கையில் போனுமாக, மிகுந்த அக்கறையோடு இழுவை வண்டிக்காரரின் எண்ணைத் தேடத் தொடங்கினார். அம்மா ஹீட்டரைத் திருப்பினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. மூக்கு இறங்கவில்லை. மரநிழலில் ஒதுக்கி, பானட்டைத் திறந்தேன். ஆவி வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். "கை வெந்துடும். சும்மா நில்லு" என்றார் அம்மா. பிறகு கதவைப் பிடித்து மெல்ல இறங்கி, காருக்கு முன்னால் வந்து நின்றார். தலைவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"யாருடா இவரு?"

"எங்க சங்கத் தலைவரும்மா."

"நல்லா இருக்கட்டும். ஆனா அதோட மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரே. எப்படி மூச்சு விடும்?"

சிரியுங்கள், சிரியுங்கள். தலைவரும் சிரிக்கிறார், கொஞ்சம் குறைவாக. பேனரை அவிழ்த்தேன். சூடு தணியும்வரை காத்திருந்தோம். பிறகு மூடியைத் திறந்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வார்த்தோம். கிளம்பினோம். அம்மா மறுபடி ஹீட்டரை முழுக்கத் திருப்பினார். வேகிறது, நிறுத்தச் சொல் என்று அண்ணன் என்னிடம் முறையிட்டார். அம்மா திரும்பாமலே சொன்னார்: "நாம வேர்த்தா அது வேர்க்காது."

அப்பாவின் வார்த்தை, அம்மாவின் குரலில்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரின் மூக்கு ஏறினால் அம்மா ஹீட்டரைத் திறந்தார். அப்பாவின் மூக்கு ஏறியபோது எதைத் திறந்தார்? வாயைத் திறந்தார்! அசட்டுக் கேள்வி ஏதாவது கேட்பார்: வீட்டைப் பூட்டினோமா, அந்தப் பாலம் போன தடவையும் இங்கேதான் இருந்ததா. அவ்வளவுதான், அப்பாவின் சூடு முழுதும் அந்தப் பக்கம் திரும்பும். ரிப்பேர்க் கடையில் நின்ற கோபம் யார் மடியில் விழுந்தது? வழி தவறிய கோபம் யார் மடியில் விழுந்தது? பின்னிருக்கையில் அடித்துக்கொண்ட எங்கள் மேல் விழ வேண்டிய கோபம் யார் மடியில் விழுந்தது? நாங்கள் குளிர்ந்திருந்தோம். குளிர்ந்திருந்ததால் சிரித்தோம். அந்தப் பயணங்களை இன்பப் பயணம் என்று இன்றுவரை சொல்லித் திரிகிறோமே, அந்த இன்பம் எந்த இருக்கையிலிருந்து வந்தது? அப்பாவின் பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது, ஐயா! அந்த இருக்கைக்குத்தான் நாங்கள் விலை பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வளைவில் என் தோளுக்கருகே ஒரு தலை வந்தது. அண்ணன். சட்டைக் கையை மடித்துவிட்டு, சின்ன வயதில் போல இரண்டு முன்னிருக்கைகளுக்கும் நடுவே எட்டிப் பார்த்தார்.

"அம்மா, மூக்கு இறங்குதா?"

"இறங்குதுடா."

போன் அடித்தது. ஓட்டல்காரர். இடம் ஒதுக்கிவிட்டாராம், கார் எங்கே வருகிறது என்று கேட்கிறார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இல்லைங்க, அது ஓடிக்கிட்டே இருக்கணும். நிறுத்தி வச்சா சூடாயிடும்."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அம்மாவுக்குப் புரிந்தது. முன்னால் பார்த்தபடியே கையை நீட்டி, ஹீட்டரைப் பாதியாகக் குறைத்தார்.

நாளை இறக்கம். தலைவர் அவர்களே, தங்களைப் பின்கண்ணாடிக்குக் கீழே, தாங்கள் சொன்ன இடத்திலேயே கட்டிக்கொண்டு போகிறேன். மணியை நோக்கித் தங்கள் கை போகிறது. அதற்கு முன்பே தங்கள் மூக்கு நுனியை நான் பார்த்துவிட்டேன். அது சிவப்பைத் தொடும் முன் இறங்கிக்கொள்கிறேன். இவ்வளவு நேரம் என் சூட்டை மடியில் வாங்கிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும், வேர்த்த முகத்தோடு, குளிர்ந்த மனத்தோடு, என் நன்றியும் வணக்கமும்.